தொகைநூலில் தொடங்கி உங்கள் எழுத்தாளரைக் கண்டுபிடிப்பது எப்படி?

"அறிவியல் புனைகதை படிக்க ஆசையாக இருக்கிறது, யாரிடமிருந்து தொடங்கலாம்?" என்று கேட்பவர்களுக்கு நான் எழுத்தாளர் பெயர் எதையும் சொல்வதில்லை. எனக்குப் பிடித்தவர் உங்களுக்கும் பிடிப்பார் என்று எந்த உறுதியும் இல்லை. நானூறு பக்க நாவலை வாங்கி நாற்பதாவது பக்கத்தில் மூடி வைத்துவிட்டு, "இந்த வகையே நமக்கு ஒத்துவராது" என்று ஒதுங்கிப் போனவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஒத்துவராதது அந்த ஒரு எழுத்தாளராக மட்டும் இருந்திருக்கலாம்.

அதனால் நான் தொகைநூலைத்தான் கையில் கொடுப்பேன். பலர் எழுதிய கதைகளை ஒருவர் தேர்ந்தெடுத்துச் சேர்த்த புத்தகம். ஒருவரே எழுதிய கதைகளின் தொகுதியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அதற்கான நேரம் பிறகு வரும். பேய்க்கதை, துப்பறியும் கதை, அறிவியல் கதை என்று எந்த வகைக்கும் கீழே சொல்லும் வழி பொருந்தும். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு புத்தகத்தையும், அதில் நான் கண்டெடுத்த ஒரு எழுத்தாளரையும் வைத்தே விளக்குகிறேன்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது

புத்தகம் 'தி சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஹால் ஆஃப் ஃபேம், முதல் தொகுதி'. 1970-ல் அமெரிக்காவில் வந்தது. தொகுப்பாசிரியர் ராபர்ட் சில்வர்பெர்க். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு பிரதி கிடைத்தது. அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

எந்தத் தொகைநூலைக் கையில் எடுத்தாலும், இந்தக் கதைகளைத் தேர்ந்தெடுத்தவர் யார், எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதை முதலில் பாருங்கள். முன்னுரையில் இரண்டு பக்கம் புரட்டினாலே தெரிந்துவிடும். இந்தப் புத்தகத்துக்கு அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். சங்கம் உருவானது 1965-ல். அதன் பிறகு வந்த கதைகளுக்கு அவர்களின் நெபுலா விருது இருந்தது. அதற்கு முன் வந்த கதைகளை என்ன செய்வது? 1929 முதல் 1964 முடிய வெளியான சிறுகதைகளுக்கு உறுப்பினர்களையே வாக்களிக்கச் செய்தார்கள். முதலிடம் ஐசக் அசிமோவின் 'நைட்ஃபால்', அடுத்த இடம் ஸ்டான்லி வெயின்பாமின் 'எ மார்ஷியன் ஒடிசி'. மொத்தம் 26 கதைகள் இடம்பெற்றன. ஒருவருக்கு ஒரு கதைதான். கதைகள் வெளியான வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன.

புதிதாக வருபவருக்கு அந்த 'ஒருவருக்கு ஒரு கதை' விதியைவிட நல்லது வேறில்லை. பிரபலமானவர் என்பதற்காக யாருக்கும் நான்கு இடம் கிடையாது. பெயரே கேள்விப்படாத ஒருவர் அசிமோவுக்குப் பக்கத்தில் சரிசமமாக உட்கார்ந்திருப்பார்.

வேறு மாதிரித் தொகைநூல்களும் உண்டு. ஆண்டுத் தொகைநூல்கள் அந்தந்த வருடத்தின் நல்ல கதைகளைச் சேர்ப்பவை. கார்ட்னர் டோசுவா 1984-ல் தொடங்கி 2018 வரை வருடத்துக்கு ஒன்றாக 35 தடித்த தொகுதிகள் கொண்டுவந்தார். இப்போது எழுதுகிறவர்களைத் தேடுகிறீர்கள் என்றால் அந்த வகை பொருத்தம். புத்தம்புதுக் கதைகளையே கேட்டு வாங்கித் தொகுப்பது இன்னொரு வகை. ஹார்லன் எலிசன் 1967-ல் கொண்டுவந்த 'டேஞ்சரஸ் விஷன்ஸ்' அப்படிப்பட்டது. ஒவ்வொரு கதைக்கும் எலிசனின் அறிமுகமும் எழுத்தாளரின் பின்குறிப்பும் உண்டு, ஆளைத் தெரிந்துகொள்ள வசதி. ஒரு நாட்டை, ஒரு மொழியை அறிமுகப்படுத்தும் தொகைநூல்களும் உண்டு. கென் லியூ மொழிபெயர்த்துத் தொகுத்த 'இன்விசிபிள் பிளானெட்ஸ்' (2016) ஏழு சீன எழுத்தாளர்களின் 13 கதைகளைத் தருகிறது. ஏழு பேருக்குப் பதின்மூன்று கதைகள் என்றால் சிலரிடம் ஒன்றுக்கு மேல் படிக்கலாம். அது ஒரு தனி அனுகூலம்.

முதல் தடவை 'பேய் பங்களா கதைகள்', 'ரோபோ கதைகள்' என்று ஒரே பொருளைச் சுற்றிவரும் தொகைநூல் வேண்டாம் என்பது என் எண்ணம். பத்தாவது ரோபோவைப் பார்க்கும்போது நல்ல எழுத்தும் சலித்துப்போகும்.

படிப்பது

ஒரு நாளைக்கு ஒரு கதை போதும். இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். ஒரு கதை முடிந்த கையோடு அடுத்ததைத் தொடங்கினால் முந்தைய குரலின் மேல் இந்தக் குரல் ஏறிவிடும். எது யாருடையது என்று மறுநாள் நினைவிருக்காது. இரவு ஒன்று படியுங்கள், அதோடு தூங்கப் போய்விடுங்கள்.

வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்றில்லை. அறிமுகக் குறிப்பு இருந்தால் கதையைப் படித்த பிறகு அதற்கு வாருங்கள். "உலகப் புகழ்பெற்ற", "ஈடு இணையற்ற" என்பதையெல்லாம் முதலில் படித்தால் நம் மனம் நமக்கென்று ஒரு கருத்து சொல்லத் தயங்கும். ஒரு கதை ஐந்து பக்கம் போயும் பிடி கொடுக்கவில்லையா? தாண்டிப் போங்கள். ஒரு பென்சில் புள்ளி மட்டும் வையுங்கள், பிறகு வேலைக்கு வரும்.

ஆங்கிலத்தில் இந்த வகைக்குப் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தெரியாத சொல் வந்ததும் அகராதிக்கு ஓடுவது. அறிவியல் புனைகதையில் பாதிச் சொற்கள் அகராதியிலேயே இருக்காது, எழுத்தாளர் உண்டாக்கியவை அவை. புகைவண்டியில் எதிரே இருப்பவர்கள் நமக்குத் தெரியாத ஊர்க்கதை பேசினால் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்போம், யார் மாமா, யார் மைத்துனர் என்று தானாக விளங்கும். அப்படித்தான் இதுவும்.

நான் அந்தத் தொகைநூலில் கார்ட்வெய்னர் ஸ்மித் எழுதிய 'ஸ்கேனர்ஸ் லிவ் இன் வெயின்' கதைக்கு வந்தபோது இதுதான் நடந்தது. மார்ட்டெல் என்பவன் கோபமாக இருக்கிறான். கோபம் தணியும்படி தன் ரத்தத்தைச் சரிசெய்துகொள்ளக்கூட இல்லை என்கிறது அடுத்த வரி. ரத்தத்தைச் சரிசெய்வதா? அடுத்து 'கிரான்ச்', 'ஹேபர்மேன்' என்று சொற்கள் வருகின்றன. எதற்கும் விளக்கம் கிடையாது. நான்கைந்து பக்கம் பொறுத்த பிறகு எல்லாம் விளங்கியது. விண்வெளியில் தாங்கவே முடியாத ஒரு வலி இருக்கிறது. அங்கே கப்பலை ஓட்ட வேண்டுமானால் எதையும் உணராத மனிதன் வேண்டும். அதற்காக ஸ்கேனர்கள் தங்கள் நரம்புகளைத் துண்டித்துக்கொள்கிறார்கள். கண் மட்டும் வேலை செய்யும். காது கேட்காது, தொடுஉணர்வு கிடையாது, நாக்கில் ருசி இல்லை. நெஞ்சில் பதித்த பெட்டியின் முட்களைப் பார்த்துத்தான் தன் இதயம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வார்கள். எப்போதாவது ஒரு கம்பியைச் சுற்றிக்கொண்டால் கொஞ்ச நேரம் மனிதனாக இருக்கலாம். அதுதான் கிரான்ச். மார்ட்டெல் வீட்டில் மனைவியோடு அப்படி இருக்கும் ஒரு நாளில்தான் அவசர அழைப்பு வருகிறது. வலியில்லாமல் விண்வெளியில் போக ஒருவன் வழி கண்டுபிடித்துவிட்டான், இனி ஸ்கேனர்களே தேவைப்பட மாட்டார்கள். அவனைக் கொன்றுவிடலாமா என்று அவர்கள் வாக்கெடுக்கிறார்கள்.

முடிவைச் சொல்ல மாட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எது தங்கியது என்று பார்ப்பது

புத்தகம் முடிந்ததும் ஒரு வாரம் அதைத் தொடாதீர்கள். பிறகு பொருளடக்கத்தைத் திறக்காமல், நினைவில் இருக்கும் கதைகளை ஒரு தாளில் எழுதுங்கள். 26-ல் எனக்கு ஒன்பது வந்தன. சில கதைகளுக்குத் தலைப்பு நினைவில்லை, ஒரு காட்சி மட்டும்தான். அதுவும் கணக்கில் சேரும்.

அந்த ஒன்பது கதைகளையும் எழுதியவர்கள் ஒன்பது பேரும் எனக்குப் பிடித்தவர்கள் என்று அர்த்தமில்லை. கதை பிடிப்பது வேறு, அதைச் சொன்னவரைப் பிடிப்பது வேறு. டாம் காட்வினின் 'தி கோல்ட் ஈக்குவேஷன்ஸ்' எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. எரிபொருளை அளந்து வைத்த சிறு கப்பலில் ஒரு பெண் ஒளிந்து ஏறிவிடுகிறாள், கணக்கு உதைக்கிறது. அந்த நெருக்கடியை வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் கலங்கியிருப்பேன். நைட்ஃபாலும் அப்படித்தான். ஆறு சூரியன்கள் உள்ள கிரகத்தில் 2049 ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே இரவு வரும் என்ற அந்த யோசனைதான் ஆளை அடிக்கிறது. ஸ்மித்தின் கதையில் நான் மறக்காமல் இருந்தது வேறு. மார்ட்டெல் கிரான்ச்சில் இருக்கும்போது வாசனைகளையும் ஓசைகளையும் அவன் ஏங்கி ஏங்கி அனுபவிக்கும் விதம், எதையும் விளக்காமல் அந்த உலகத்துக்குள் நம்மை இழுத்துப் போகும் தொனி.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கதையை நண்பரிடம் மூன்று வரியில் சொல்லிப் பாருங்கள். சொன்னதிலேயே முழுச் சுவையும் வந்துவிட்டால் உங்களைப் பிடித்தது முடிச்சு. "இப்படிச் சொன்னால் புரியாது, நீயே படிக்கணும்" என்று வாயில் வந்துவிட்டதா? அப்படியென்றால் உங்களைப் பிடித்தது குரல். தேடிப் போக வேண்டிய ஆள் அவர்தான்.

இரண்டாவது கதையைத் தேடுவது

நம்மிடம் தொகைநூல் ஒன்றும் புதிதல்ல, எட்டுத்தொகை என்ற பேரிலேயே தொகை இருக்கிறது. குறுந்தொகையில் 401 பாட்டுகள், இருநூறுக்கும் மேற்பட்ட புலவர்கள். நாற்பதாம் பாட்டில் செம்மண்ணில் பெய்த மழைநீரைப் போல நெஞ்சங்கள் கலந்ததைச் சொன்னவரின் சொந்தப் பெயர் நமக்குத் தெரியாது. அந்த வரியை வைத்தே செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். அவருடைய இன்னொரு பாட்டைத் தேடிப் போக வழியே இல்லை. எனக்கு அது எப்போதும் மனத்தாங்கலான விஷயம். ஸ்மித் விஷயத்தில் வழி இருக்கிறது, எளிதான வழி.

இணையத்தில் ஐஎஸ்எஃப்டிபி என்றொரு தரவுத்தளம் உண்டு. அறிவியல் புனைகதை, மிகைபுனைவு, திகில் கதைகளுக்கானது, இலவசம். எழுத்தாளர் பெயரைத் தட்டினால் அவர் எழுதிய கதைகள், வெளிவந்த ஆண்டு, இதழ், பிறகு எந்தெந்தத் தொகைநூலில் சேர்ந்தன என்று எல்லாம் வரும். ஒரு கதை பல தொகைநூல்களில் திரும்பத் திரும்ப வந்திருந்தால் அடுத்து அதைப் படியுங்கள். பல தொகுப்பாசிரியர்கள் தனித்தனியாக அதை நல்ல கதை என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஸ்மித்துக்கு அப்படி நான் எடுத்தது 'தி கேம் ஆஃப் ரேட் அண்ட் டிராகன்'. கேலக்ஸி இதழில் 1955-ல் வந்தது. புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் முழுக்கதையும் காசில்லாமல் கிடைக்கிறது. விண்வெளி இருட்டில் கப்பல்களைத் தாக்கும் ஏதோ ஒன்றை மனிதர்கள் டிராகனாக உணர்கிறார்கள். அவர்களோடு மனத்தால் இணைந்து சண்டை போடும் பூனைகளுக்கு அவை வெறும் பெருச்சாளிகள். பூனைகள்தான் வேகம். முதல் கதையில் இருந்த அதே துயரம் இங்கேயும் இருக்கிறது, ஆனால் கூடவே ஒரு கொஞ்சலும். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவரை விடப் போவதில்லை என்று.

அவசரப்பட வேண்டாம், இன்னொன்றும் படியுங்கள். முதல் இரண்டிலிருந்து தள்ளி, வேறு காலத்தில் எழுதியதாக இருக்கட்டும். 'தி பேலட் ஆஃப் லாஸ்ட் க்மெல்' 1962-ல் வந்தது. கேலக்ஸியின் பழைய இதழ்கள் இன்டர்நெட் ஆர்கைவில் படம் எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன, அந்தக் காலத்து ஓவியங்களோடு படிக்கலாம். மூன்றில் இரண்டு உங்களை இழுத்தால் அவர் உங்கள் ஆள். ஒன்றுதான் இழுத்ததென்றால் அந்த ஒரு கதைக்கு நன்றி சொல்லிவிட்டுப் பட்டியலில் அடுத்தவரிடம் போங்கள்.

காசு கொடுத்து வாங்குவது

இப்போதுதான் புத்தகம் வாங்க வேண்டும், நாவலை அல்ல, சிறுகதைத் தொகுதியை. சிறுகதையில் பிடித்தவர் நாவலிலும் அதே ஆளாக இருப்பார் என்று சொல்ல முடியாது. ஸ்மித்தின் ஒரே அறிவியல் புனைகதை நாவல் 'நார்ஸ்ட்ரிலியா'. கதைகளைப் படித்துவிட்டுப் போனால் அதன் உலகம் பழகிய தெருவாக இருக்கும், இல்லாவிட்டால் திணறும்.

இங்கே ஒரு கவனம் தேவை. 'தி ரீடிஸ்கவரி ஆஃப் மேன்' என்ற பெயரில் ஸ்மித்துக்கு இரண்டு வேறு வேறு புத்தகங்கள் இருக்கின்றன. 1993-ல் நெஸ்ஃபா பிரஸ் கொண்டுவந்தது அவருடைய அறிவியல் சிறுகதைகள் எல்லாம் அடங்கிய முழுத் தொகுப்பு, கெட்டி அட்டை. பிரிட்டனின் எஸ்.எஃப். மாஸ்டர்வொர்க்ஸ் வரிசையில் அதே பெயரில் வந்தது ஒரு தேர்வு மட்டும், 1975-ல் வேறு பெயரில் வந்த தொகுதியின் மறுபதிப்பு. தொடங்குபவருக்குச் சிறியதே போதும். ஆனால் முழுவதும் கிடைக்கும் என்று நம்பி அதை வாங்கிவிட்டு ஏமாறாதீர்கள். எந்த எழுத்தாளருக்கும் இந்தச் சிக்கல் வரலாம், குறிப்பாகக் காலமானவர்களுக்கு. விலையைப் பார்க்கும் முன் பொருளடக்கத்தைப் பாருங்கள்.

அந்த ஆள் யார், யார் அவரைக் கொண்டுவந்தார்கள்

வாழ்க்கை வரலாறு கடைசியில் படிக்க வேண்டியது. ஆனால் கட்டாயம் படியுங்கள், அடுத்த எழுத்தாளருக்கான வழி பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

கார்ட்வெய்னர் ஸ்மித் புனைபெயர். கார்ட்வெய்னர் என்றால் தோலில் செருப்பு செய்பவர், ஸ்மித் கொல்லர். உண்மைப் பெயர் பால் லைன்பார்கர், 1913-ல் பிறந்தவர். அப்பா சீனத் தலைவர் சுன் யாட்-சென்னுக்கு ஆலோசகராக இருந்தவர். சிறு வயதின் ஒரு பகுதி சீனாவில் கழிந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிய அரசியல் பேராசிரியர். உளவியல் போர்முறை பற்றி 1948-ல் அவர் எழுதிய நூல் அந்தத் துறையில் முக்கியமானது. இவ்வளவும் தெரிந்த பிறகு ஸ்கேனர்களின் வாக்கெடுப்பைத் திரும்பப் படித்தேன். ஒரு சங்கம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கொலையைக்கூட எப்படி ஒழுங்குமுறையோடு தீர்மானிக்கும் என்பதை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று புரிந்தது.

இன்னொரு கதையைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். ஸ்கேனர்ஸ் கதையை அவர் எழுதியது 1945-ல். அன்றைய பெரிய இதழான அஸ்டௌண்டிங் திருப்பி அனுப்பியது. ஐந்து வருடம் கழித்து ஃபேன்டஸி புக் என்ற, அதிகம் பேர் பார்த்திராத சின்ன இதழில் வந்தது. அங்கேயே அது மறைந்து போயிருக்கும். ஆனால் அதே இதழில் ஃப்ரெடரிக் போல் என்பவர் அசிமோவோடு சேர்ந்து, புனைபெயரில், ஒரு கதை எழுதியிருந்தார். தன் கதை வந்த இதழைப் புரட்டியபோது பக்கத்தில் இருந்த இதைப் படித்தார். 1952-ல் தான் தொகுத்த 'பியாண்ட் தி எண்ட் ஆஃப் டைம்' தொகைநூலில் இதைச் சேர்த்தார். யாரென்றே தெரியாத ஸ்மித்தை வாசகர்கள் படித்தது அதில்தான். பிறகு போல் கேலக்ஸிக்கு ஆசிரியரானபோது ஸ்மித்தின் கதைகளைத் தொடர்ந்து வெளியிட்டார்.

ஆக, உங்களுக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுத்த தொகுப்பாசிரியரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய ரசனையும் உங்கள் ரசனையும் ஒரு இடத்தில் ஒத்துப்போயிருக்கிறது. அவர் தொகுத்த மற்ற புத்தகங்கள் உங்களுக்கு அடுத்த கடை. டோசுவாவின் ஆண்டுத் தொகுதிகளின் கடைசிப் பக்கங்களில், இடமில்லாமல் விட்ட நல்ல கதைகளின் நீண்ட பட்டியல் ஒன்றும் இருக்கும். பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது ஒரு புதையல்.

யார் இல்லை என்று பார்ப்பது

ஹால் ஆஃப் ஃபேமின் 26 கதைகளில் பெண் ஒருவர் தன் சொந்தப் பெயரில் எழுதியது ஒன்றே ஒன்று, ஜூடித் மெரிலின் 'தட் ஒன்லி எ மதர்'. லூயிஸ் பேட்ஜெட் என்ற புனைபெயருக்குள் சி.எல். மூர் தன் கணவர் ஹென்றி கட்னரோடு பாதியாக ஒளிந்திருக்கிறார். அவ்வளவுதான். அமெரிக்கர் அல்லாதவர்களும் மிகக் குறைவு. வாக்களித்தவர்கள் யாரோ அவர்களுடைய உலகம்தான் புத்தகத்தில் இருக்கும். இதற்காகப் புத்தகத்தை ஒதுக்க வேண்டியதில்லை, அடுத்த தொகைநூலை இந்த இடைவெளியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பமேலா சார்ஜென்ட் 1975-ல் தொகுத்த 'விமன் ஆஃப் வொண்டர்' முழுக்கப் பெண்கள் எழுதிய கதைகள். சீனக் கதைகளின் தொகைநூலை மேலேயே சொன்னேன். அதில் உள்ள ஹாவ் ஜிங்ஃபாங்கின் 'ஃபோல்டிங் பெய்ஜிங்' 2016-ல் ஹியூகோ விருது வாங்கியது.

தமிழிலேயே தேட வேண்டும் என்பவர்களுக்குத் தீபாவளி மலர்கள் எப்போதும் ஒரு வகைத் தொகைநூல்தான். பழைய மலர் ஒன்றை எடுத்து மேலே சொன்னபடி படித்துப் பாருங்கள். மாத நாவல் உலகத்துக்குப் புதியவர்கள், குறிப்பாக வெளியூரில் வளர்ந்து ஆங்கிலத்தில் மட்டும் சரளமாகப் படிப்பவர்கள், சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் 2008-ல் வெளியிட்ட தமிழ் பல்ப் புனைவுத் தொகைநூலில் தொடங்கலாம். பிரீதம் சக்ரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பு. ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், இந்திரா சௌந்தர்ராஜன், ரமணிசந்திரன் எல்லோரும் ஒரே அட்டைக்குள் இருக்கிறார்கள். அதில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டியாவது தமிழ் மூலத்துக்கு வந்துவிடுங்கள். அந்த வேகம் தமிழில்தான் முழுசாக இருக்கிறது.

திரும்பவும் அதே புத்தகம்

பென்சில் புள்ளி வைத்துத் தாண்டிய கதைகள் நினைவிருக்கிறதா? ஆறு மாதம் கழித்து அவற்றுக்குத் திரும்புங்கள். அதற்குள் உங்கள் காது பழகியிருக்கும். ஸ்மித் 1966-ல், 53 வயதில் காலமானார். எழுதிய சிறுகதைகள் சுமார் முப்பத்துச் சொச்சம். அவற்றை முடித்துவிட்டு நான் பழைய பிரதியைத் திறந்தபோது முதலில் புள்ளி வைத்திருந்தது சி.எம். கார்ன்ப்ளூத்தின் 'தி லிட்டில் பிளாக் பேக்'. எதிர்காலத்து மருத்துவப் பெட்டி ஒன்று குடியில் விழுந்த ஒரு டாக்டர் கையில் வந்து சேருகிறது. முதல் முறை மூன்றாவது பக்கத்தில் விட்டேன், இந்த முறை ஒரே மூச்சில் முடித்தேன். தரவுத்தளத்தில் அவர் பெயரைத் தட்டினேன். 34 வயதில் இறந்திருக்கிறார். பல கதைகளும் நாவல்களும் கூட்டாக எழுதியவை, கூட எழுதியவர் ஃப்ரெடரிக் போல். அந்தப் பட்டியலில் இரண்டாவது கதைக்கு வந்திருக்கிறேன்.